அழிக்கும்போது அரிக்கிறதா?

மேக்கப் போட்ட முகம் மறுநாள் காலையில் சிவந்து அரித்தால் பழி பவுண்டேஷன் மீது விழும். பிராண்டை மாற்றுவீர்கள். அதுவும் ஒத்துக்கொள்ளாது. மேக்கப்பே நமக்கு ஆகாது என்ற முடிவுக்கு வருவீர்கள். ஆனால் பல முகங்களில் தொல்லை தருவது பூசிய பொருள் அல்ல. இரவில் அதை அழித்த பொருளும் அழித்த விதமும்தான்.

காரணம் எளிது. சருமத்தின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல், வெளியே இருக்கும் எரிச்சலூட்டும் பொருட்களை உள்ளே விடாமல் காப்பது அதுதான். சென்சிட்டிவ் சருமத்தில் பெரும்பாலும் இந்தக் காவல் பலவீனமாக இருக்கும். பவுண்டேஷன், லிப்ஸ்டிக், மஸ்காரா ஆகியவற்றிலும் எண்ணெயும் மெழுகும் உண்டு. அவற்றைக் கரைக்கும் பொருள் மேல்தோலின் கொழுப்பையும் கொஞ்சம் கரைத்துவிடுகிறது. எனவே நீங்கள் தேட வேண்டியது அதிகம் கழுவும் பொருளை அல்ல, குறைவாகச் சேதப்படுத்தும் பொருளை.

குளியல் சோப் இதற்கு லாயக்கில்லை. ஆரோக்கியமான சருமத்தின் பி.எச். அளவு சுமார் 5. சாதாரண சோப்பின் அளவு 9 முதல் 10 வரை. போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். அந்தத் தண்ணீரில் சோப் சரியாக நுரைக்காது. முகத்தில் படிந்து நின்றுவிடும்.

எண்ணெயை எண்ணெயால்தான் சிரமமில்லாமல் எடுக்க முடியும். கேரளத்தின் கதகளிக் கலைஞர்களுக்கு இது பழைய செய்தி. வேஷத்துக்கான சாயங்களைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, மணிக்கணக்கில் முகத்தில் தீட்டுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே எண்ணெயைத் தடவித்தான் கலைக்கிறார்கள். உங்கள் சருமம் வறண்டது என்றால் இந்த வழி ஒத்துவரலாம். பரு வரும் முகம் என்றால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது துவாரங்களை அடைக்கக்கூடியது. கண் மையை எடுக்க வாசனையில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி நல்லது. அலர்ஜி பரிசோதனையில் சந்தேகத்துக்குரிய பொருட்களைக் குழைக்கப் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த அளவுக்கு இது தோலைச் சீண்டாதது. பேபி ஆயில் குழந்தைக்கானது என்பதாலேயே மென்மையானது என்று நம்பிவிடாதீர்கள். பலவற்றில் வாசனை சேர்க்கிறார்கள்.

தண்ணீர் போலத் தெரியும் மைசெல்லார் வாட்டர் இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதில் அழுக்கை எடுக்கும் மூலக்கூறுகள் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு மிதக்கின்றன. மேக்கப்பைப் பிடித்து இழுத்து வருகின்றன. துடைத்தால் போதும், கழுவத் தேவையில்லை என்று பாட்டிலில் எழுதியிருக்கும். சென்சிட்டிவ் சருமம் உள்ளவர்கள் இதைப் பொருட்படுத்தாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுவதே நல்லது. பஞ்சில் வந்தது போக மிச்சம் முகத்தில்தான் இருக்கிறது.

ஈர வைப்ஸ் ரயில் பயணத்துக்கு வசதி. தினசரிப் பழக்கத்துக்கு உகந்ததல்ல. துணியின் உராய்வு ஒரு பக்கம். கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் மறு பக்கம். அதில் ஒன்றான மெத்தில்ஐசோதயாசோலினோனை அமெரிக்கத் தோல் ஒவ்வாமை நிபுணர்கள் சங்கம் 2013ஆம் ஆண்டின் 'அலர்ஜன்' என்று அறிவித்தது. கழுவாமல் விடும் அழகுப் பொருட்களில் ஐரோப்பிய யூனியன் 2017 முதல் அதற்குத் தடை விதித்திருக்கிறது.

லேபிளின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் முக்கியம். 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தச் சொல்லைப் போடும் கம்பெனிகள் அதைச் சோதனை மூலம் நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 1975இல் விதி கொண்டுவந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1977இல் விதி செல்லாமல் போனது. அங்கே இன்றுவரை அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி விளக்கம் கிடையாது. 'அன்சென்டட்' என்பதும் அப்படித்தான். ஒரு நெடியை மறைக்க இன்னொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பொருட்களின் பட்டியலில் பெர்ஃப்யூம், ஆல்கஹால், மென்தால், லேவண்டர் அல்லது எலுமிச்சை எண்ணெய் இருந்தால் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடுங்கள். இயற்கையானது என்பதால் தோல் மன்னித்துவிடாது. சமையலறை எலுமிச்சைச் சாறுக்கும் இது பொருந்தும்.

வாங்கியதும் நேராக முகத்துக்குப் போகாதீர்கள். முழங்கைக்கு உட்புறம் ஒரு ரூபாய் நாணய அளவு தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தினம் இரண்டு வேளை, ஏழு நாள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் முகத்துக்கு வரலாம்.

எதை வாங்கினாலும் தேய்த்தால் பயனில்லை. காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும். பஞ்சை நன்றாக நனைத்து, மூடிய இமை மீது அரை நிமிடம் வையுங்கள். மை தானாக இளகும். பிறகு மெதுவாகக் கீழ்நோக்கி எடுங்கள். உடலிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவை எடுப்பது சிரமம் என்பதால் விசேஷ நாட்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் முகத்தைத் துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டை மறந்துவிடாதீர்கள். இரவில் அதை எடுத்து, பசை இருந்த இடத்தை ஒரு துளி எண்ணெயால் துடையுங்கள். சில பசைகளில் உள்ள ரசாயனம் அந்த இடத்தின் நிறத்தையே வெளுக்கச் செய்யும். வெள்ளைத் தழும்பு தெரிந்தால் ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.

இமை வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் அரிப்பு அடங்காவிட்டாலோ அவரிடம்தான் போக வேண்டும். முதுகில் பேட்ச் ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் காரணம் தெரிந்துவிடக்கூடும். போகும்போது பயன்படுத்தும் பாட்டில்களை எல்லாம் அட்டைப்பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். நெயில் பாலிஷையும் சேர்த்துத்தான். விரல் அடிக்கடி கண்ணைத் தொடுகிறது. இமை அரிப்புக்குக் காரணம் நகத்தில் இருந்த கதைகள் தோல் டாக்டர்களுக்கு அத்துப்படி.