செருப்பில்லாமல் நடக்காதே என்கிறீர்கள். சரி, செருப்பு எங்கே?

சர்க்கரை நோயை இன்னும் 'பணக்கார வியாதி' என்று பேசுகிறவர்கள், ஒருநாள் விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்கள் வருகைப் பதிவு போடும் இடத்துக்கு வந்து கேட்டுப் பாருங்கள். முதலில் கால் எரிச்சல், ராத்திரியில் ஊசி குத்துகிற வலி, தூக்கமில்லை. பிறகு மதமதப்பு. செருப்பு கழன்றதுகூடத் தெரியாது.

வருஷக்கணக்கில் ரத்தத்தில் கூடிக்கிடக்கும் சர்க்கரை நரம்புகளைச் சிதைக்கிறது. நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்கும். அதனால் பாதத்தில் தொடங்குகிறது. கண்ணாடிச் சில்லு ஏறினாலும் வலிக்காது. வலிக்காததால் கவனிப்பதில்லை. புண் புரையோடி விரல் போகிறது, சிலருக்குக் காலே போகிறது.

வெறுங்காலோடு நடக்காதே, தினமும் பாதத்தைப் பார், புண் வந்தால் காலை ஊன்றாதே என்கிறது மருத்துவம். அறிவுரை சரிதான். ஆனால் கண்ணாடியையும் ஊசியையும் பிரிக்காமல் குப்பையில் வீசுகிறது ஊர். அதை அள்ளும் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டியிருக்கிறது. ஒப்பந்தக் கூலிக்கு லீவு போட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. காலை ஊன்றாமல் ஒரு மாதம் இருப்பதென்றால் ஒரு மாதப் பட்டினி. வேலைக்குப் போனாலோ, 'இவங்க சொன்னா கேக்க மாட்டாங்க' என்று பழி.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை சர்க்கரையைத்தான் குறைக்கும். மரத்த காலோடு செய்கிற வேலையை மாற்றாது.

தொழுநோயால் மரத்த பாதத்துக்கு அரசு இலவசமாக எம்.சி.ஆர். செருப்பு தருகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில், தொழுநோயிலிருந்து மீண்டு கை கால் உணர்ச்சி இழந்தவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. சர்க்கரையால் மரத்த கால் மட்டும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. இரண்டு காலிலும் குத்துவது ஒரே கண்ணாடிதானே?

தோழர்களே, 'வாழ்க்கைத் தரம்' என்று ஆய்வேடு எழுதும்போது நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன வேலை, யாரிடம் வேலை, லீவு உண்டா என்றும் கேளுங்கள். நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு:

1. வேலையிடத்திலேயே ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை. 10 கிராம் நைலான் இழையும் சில நிமிடமும் போதும்.
2. உணர்ச்சி இழந்த ஒவ்வொரு பாதத்துக்கும் அளவெடுத்த செருப்பு.
3. புண் ஆறும்வரை சம்பளத்தோடு விடுப்பு.
4. கால் பாதிக்கப்பட்டவருக்குச் சம்பளம் குறையாமல் மாற்று வேலை.

இதெல்லாம் சலுகை அல்ல. ஊர்க் குப்பையை அள்ளித்தான் அந்தக் கால்களில் கண்ணாடி ஏறியது. மருந்துச் செலவும் கூலி இழப்பும் ஊர்க் கணக்கில் ஏறட்டும்.