சாடோ தீவின் தங்கம்

ஜப்பானின் மேற்குக் கரையை அடுத்த சாடோ தீவின் பொற்சுரங்கங்கள் 2024 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உலகப் பாரம்பரிய ஜாபிதாவில் இடம்பெற்றன. தீவு அக்கௌரவத்துக்குப் பாத்திரமானதே. அதில் நமக்கு ஆட்சேபம் யாதும் இல்லை. அதைக் கோரிய விதத்தைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

இயற்கை சாடோவுக்குக் குறை வைக்கவில்லை. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல் வயல்களும், ஜப்பானியக் காடுகளில் அற்றுப்போய் 2008 முதல் இங்கு மீண்டும் பறக்கவிடப்பட்ட டோக்கி என்னும் அரிவாள்மூக்கன் பறவையும் காண்போரைக் கவர்வன. முற்காலத்தில் ஆள்வோரின் கோபத்துக்கு ஆளானவர்களைக் கடத்திவைக்கும் இடம் இது. 1271-ல் நிச்சிரென் என்ற பௌத்தத் துறவியும், 1434-ல் நோ நாடகத்தின் பேராசான் ஜெயாமியும் இங்கே அனுப்பப்பட்டனர். நோ மேடைகள் 30-க்கு மேல் இன்றும் நிற்கின்றன. கடத்தப்பட்ட மகான்களைப் பெருமையோடு நினைவுகூரும் ஜப்பானியர், சுரங்கத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஏழைகள் விஷயத்தில் தயங்குவானேன்?

1601 முதல் டோக்குகாவா ஆட்சியின் பொக்கிஷத்தை நிரப்பிய சுரங்கம் இது. பொன்னாசையால் மலையுச்சியே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. உள்ளே சுமார் 400 கிலோமீட்டர் சுரங்க வழிகள். 1778 முதல் எடோ நகரின் வீடற்றவர்களைப் பிடித்துவந்து நீர் இறைக்க வைத்தார்கள். 1896-ல் மிட்சுபிஷி கம்பெனி இதை வாங்கிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் சுமார் 1,500 கொரியர்கள் இங்கே உழைத்தனர். சுரங்கம் மூடப்பட்டது 1989-ல்.

ஆனால் ஜப்பானிய சர்க்கார் சமர்ப்பித்த விண்ணப்பமோ எடோ காலத்தோடு நின்றுவிட்டது! பத்திரத்தில் தமக்கு அனுகூலமான பக்கத்தை மட்டும் தாக்கல் செய்யும் கட்சிக்காரரை நாம் கோர்ட்டில் பலமுறை கண்டிருக்கிறோம். முழுச் சரித்திரத்தையும் காட்டுவதாக வாக்களித்த பிறகே தென்கொரியா இணங்கிற்று. ஐகாவா பொருட்காட்சிசாலையில் கொரியர்களின் கஷ்டங்கள் வைக்கப்பட்டன. 'பலவந்தம்' என்ற சொல் மட்டும் இல்லை. 2024 நவம்பரில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு அந்நாட்டார் வர மறுத்து, மறுநாள் தனியே அஞ்சலி செலுத்தினர். 2025-லும் அவர்கள் வரவில்லை.

அக்காலச் சட்டப்படியே ஆள் சேர்த்தோம் என்பது ஜப்பானியர் வாதம். யார் செய்த சட்டம்? 1910-ல் கொரியாவையே தம் ராஜ்யத்தில் சேர்த்துக்கொண்டு, அம்மக்களின் சம்மதமின்றித் தாமே இயற்றிய சட்டத்தைத் தமக்குச் சாட்சியாக நிறுத்துவது நியாயமாகுமா? அன்னியர் சட்டத்தின் கீழ் வாழ்ந்த நமக்கு இவ்வாதம் புதிதன்று. மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியப் படை கொண்டுசென்று திரும்பாமற்போன தமிழர்கள் எத்தனை ஆயிரம்! அந்தக் கல்லறைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. சாடோவில் உழைத்தவர்களின் பெயர்களாவது அந்தப் பொருட்காட்சிசாலையின் சுவரில் எழுதப்படட்டும்.