பவர் கேபிளை மாத்தினா பாட்டு இனிக்குமா?

ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கியாச்சு. அடுத்து கடைக்காரர் சொல்வது: ‘கூட வந்த பவர் கேபிள் வேண்டாம் சார், இதைப் போட்டா சவுண்ட் துல்லியமா இருக்கும்.’ விலை பல ஆயிரம். இது தேவைதானா?

சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்சாரம். அது அப்படியே பாட்டுக்குப் போவதில்லை. ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் பவர் சப்ளை அதை டி.சி.யாக மாற்றி, கெபாசிட்டர்களில் சேமித்து, சீராக்கிய பிறகே பயன்படுத்துகிறது. தெருக் கம்பத்திலிருந்து சாதாரண வயரில் ஓடிவந்த மின்சாரத்தை, கடைசி ஒன்றரை மீட்டர் கேபிள் புதிதாக்கிவிட முடியாது.

அப்போ கேபிள் முக்கியமே இல்லையா? முக்கியம்தான். பிளக் லூஸாக இருந்தாலோ, வயர் மெல்லிசாக இருந்தாலோ சூடாகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தேவையான ஆம்பியர் தாங்கும் மூன்று பின் கேபிள் போதும்.

‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்கிறதா? பல நேரம் காரணம் கிரவுண்ட் லூப். கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபையரும் வேறு வேறு பாயின்ட்டில் இருந்தால், ஆடியோ வயரும் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். இரண்டையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்க. இரைச்சலை நிறுத்த எர்த் பின்னையே வெட்டுகிறார்கள் சிலர். அது கூடவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால், தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

காசு செலவழிக்கணும்னா முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்க. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்க. அந்த மாற்றத்துக்குப் பைசா செலவில்லை. வித்தியாசம் காதுக்கே தெரியும்.