உமி அடுப்பும் ஒரு கொப்பியும்

“எங்கட சங்கத்துக்கு ஆரு அக்கா காசு தரப் போறாங்க?” என்று சொறிக்கல்முனைச் சகோதரி ஒருவர் கேட்டார். விறகுக்குப் பதிலாக உமியை எரிக்கும் அடுப்பொன்றைச் செய்து பார்க்க அவர்களுக்கு ஆசை. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோ உமி மிஞ்சும். நம் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை.

கேட்டுப் பார்க்க இடமுண்டு, சகோதரிகளே. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம், ஐ.நா. அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் ஊடாக 1994 முதல் இலங்கையில் உதவி வந்திருக்கிறது. உதவி தனியாளுக்கல்ல, சமூக அமைப்புகளுக்கே. ஆகவே சங்கப் பதிவு, வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்பு மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். விண்ணப்பம் எந்நாளும் கோரப்படுவதில்லை. கொழும்புக்குக் கடிதம் எழுதி விசாரியுங்கள்.

‘உங்கள் பங்களிப்பு’ என்று கேட்கும் இடத்தில்தான் பலருக்குப் பேனா நின்றுவிடுகிறது. பங்களிப்பு என்றால் காசு மட்டுமல்ல. மண் குழைத்த நாட்கள், கொடுத்த காணி, பொருள் எல்லாவற்றையும் மதிப்பிட்டு எழுதலாம். (வீட்டில் நம் உழைப்பை யார் கணக்கெடுத்தார்கள்!) இன்றே ஒரு கொப்பி போடுங்கள்.

காற்றோட்டம் பிழைத்தால் உமி எரியாது, புகையும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் பக்கத்தில் சம்மாந்துறையில்தான் இருக்கிறது. விரிவுரையாளர் ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள். போகுமுன், இப்போதைய அடுப்பில் ஒரு கிலோ அரிசி வேக எவ்வளவு விறகு எரிகிறது என்று நிறுத்து, அதே கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். புது அடுப்பை ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்கைத்தான் கேட்பார்கள்.