கடைமடைக்கு வராத குரல்

மனிதனுக்கு ஏற்படும் சந்தேகங்களுக்குள் மிகவும் பொல்லாதது, தன் காதின் பேரில் தனக்கே ஏற்படும் சந்தேகந்தான். கண் மங்கினால் ஒருவரும் வெட்கப்படுவதில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, முன்னைவிடச் சற்று மேதாவியாகவே காட்சியளிக்கிறோம். காது மந்தமானால் மட்டும் யாரும் அதை ஒப்புக் கொள்வதில்லை. எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையை ஆட்டிச் சமாளித்து விடப் பார்க்கிறோம். நம் வீட்டில் மூன்று வார காலம் நடந்த ஒரு நாடகத்துக்கு இந்தச் சுபாவமே மூல காரணம். அதில் நாமும் ஒரு பாத்திரம். அவ்வளவு கௌரவமான பாத்திரம் அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

நம் தாயாருக்கு வயது 76. இளைய குமாரன், அதாவது நம்முடைய தம்பி, குடும்பத்துடன் மஸ்கட்டில் இருக்கிறான். சனிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு, அங்கே ஐந்தரை மணி அடிக்கும் சமயத்தில், கம்ப்யூட்டர் மூலமாகத் தாயும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசிக் கொள்வது வழக்கம். ஆறரை மணிக்கே தாயார் நல்ல புடைவை உடுத்து, நெற்றிக்கு இட்டுக் கொண்டு, நாற்காலியில் வந்து அமர்ந்து விடுவார். கோயிலுக்குப் புறப்படும்போது கூட அவ்வளவு சிரத்தையை நாம் கண்டதில்லை.

"பேரன் முகம் சரியாகத் தெரியவில்லை" என்று ஒரு நாள் அவர் சொன்னார். தாயார் வாய் திறந்து குறை சொல்வது அபூர்வம். ஆகவே அந்த மாதச் சம்பளம் வந்ததும் 27 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி, பழையதைக் கழற்றி விட்டு நம் கையாலேயே பொருத்தினோம். படம் பளிச்சென்று வந்தது. புத்திரக் கடமையை நிறைவேற்றி விட்ட பெருமிதத்துடன் நிம்மதியாகத் தூங்கினோம்.

மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்தில் இடைவேளைச் சமயத்தில் தம்பி டெலிபோனில் கூப்பிட்டான். "அண்ணா, அம்மாவுக்குக் காது கேட்கிறதா, இல்லையா? குழந்தைக்கு இரண்டு நாளாக ஜுரம் என்றேன். 'ரொம்ப சந்தோஷம், அப்படியே இருக்கட்டும்' என்கிறாளே!" என்றான். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சனிக்கிழமை மாலைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தி விட்டு, நாம் வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். நம் சகதர்மிணிக்கோ அடுப்படியில் வேலை. குமாரிதான் யந்திரத்தை முடுக்கி, சித்தப்பாவை வரவழைத்துக் கொடுத்து விட்டு விளையாடப் போவாள். அவளை விசாரித்தோம். "எனக்கு நன்றாகக் கேட்கிறதே, அப்பா! தினமும் அதில்தானே பாடம் கேட்கிறேன்?" என்றாள். நாம் தர்க்க சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்லவா? யந்திரம் பேத்திக்குக் கேட்கிறது, பாட்டிக்குக் கேட்கவில்லை, ஆகவே குற்றம் பாட்டியின் காதில் இருக்கிறது என்று தீர்ப்புக் கூறி விட்டோம். தாயாரும் மறுக்கவில்லை. "வயசாகி விட்டது. அதற்கு டாக்டர் எதற்கு? வீண் செலவு. அவன் முகத்தைப் பார்த்தால் போதாதா?" என்றார். காது வைத்தியரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் குறித்தோம். காதில் வைக்கும் கருவிக்காகக் கொஞ்சம் பணமும் ஒதுக்கி வைத்தோம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை தனி வகுப்பு இல்லை. ஏழு மணிக்குத் தாயாரின் நாற்காலிக்குப் பின்னால் சப்தம் செய்யாமல் போய் நின்றோம். பெரிய மானிட்டரில் தம்பியின் உதடுகள் அசைந்தன. அவன் குழந்தை கையைக் கொட்டிக் கொண்டு ஏதோ பாடினான். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம்! இரண்டு காதும் நன்றாக இருக்கிற நமக்கே ஓர் எழுத்துக் கேட்கவில்லை. தாயாரோ சிரித்த முகமாக, சரியான இடம் என்று தாமாகவே ஊகித்துக் கொண்ட இடங்களில், "ஆமாம், ஆமாம்" என்று தலையை அசைத்துக் கொண்டிருந்தார். நேயர்களே, நம்முடைய பட்டத்தைப் பற்றி நமக்கு அந்த நிமிஷத்தில் ஏற்பட்ட அபிப்பிராயத்தை இங்கே எழுதுவதற்கில்லை.

உடனே பதற்றத்தில் நாம் செய்தது இன்னொரு தவறு. பழுது பார்ப்பவர் ஒருவருக்குப் போன் செய்தோம். அவர் நோயாளியைப் பார்க்காமலே ரோக நிர்ணயம் செய்தார். மதர்போர்டில் சவுண்ட் போய் விட்டதாம், மாற்ற வேண்டுமாம், ஏழாயிரம் ரூபாயாம். யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனை வைத்தோம். வைத்த பிறகு நம் பாட்டனார் ஞாபகம் வந்தது.

அவருக்குத் தஞ்சை ஜில்லாவில் கடைமடையில் நிலம். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், எடுத்த எடுப்பில் அவர் மேட்டூர் அணையைக் குறை சொல்ல மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக் கொண்டு, தம் வயல் மடையில் ஆரம்பித்து, வாய்க்கால் கரையோடு மேலே மேலே நடப்பார். தண்ணீர் கண்ணில் பட்ட இடத்துக்கும் வறண்ட இடத்துக்கும் நடுவில்தான் அடைப்பு இருந்தாக வேண்டும். ஒரு சமயம் பன்றி உருட்டிய மண் கட்டியாக இருக்கும். மற்றொரு சமயம் பங்காளி இராத்திரியில் தன் பக்கம் திருப்பி விட்ட மடையாக இருக்கும். தண்ணீர் வற்றிப் போனதற்கும், வேறு பக்கம் போனதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

கம்ப்யூட்டருக்குள் சப்தம் வருவதும் இப்படி ஒரு வாய்க்கால் வழியாகத்தான். 1981-ல் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட கம்ப்யூட்டருக்கு, பெட்டிக்குள் இருந்த சிறு ஸ்பீக்கரில் 'பீப்' என்று கத்துவதற்கு மேல் பெரிய சங்கீத ஞானம் கிடையாது. 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனியார் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற தனி அட்டையைக் கொண்டு வந்து, அதற்குப் பேசவும் பாடவும் பழக்கினார்கள். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதித்த ஒரு சிறு சில்லு செய்து விடுகிறது. கம்ப்யூட்டருக்குக் குரல் என்பது வெறும் எண் வரிசை. வினாடிக்கு வழக்கமாக 48,000 எண்கள். அவற்றைப் பேச வைக்கும் புரோகிராமிலிருந்து விண்டோஸ் வாங்கி, டிரைவர் என்னும் துபாஷியின் மூலம் சில்லுக்குக் கொடுக்கிறது. சில்லு எண்களை மின்சார அலையாக மாற்றுகிறது. அலை துளை வழியாக வெளிவந்து, வயர் வழியே ஸ்பீக்கரை அடைந்து, குரலாகிறது. தாயாரின் காது இந்த வாய்க்காலின் கடைமடை. தம்பிக்கு நம் பேச்சுக் கேட்டதும் அதிசயமல்ல. மைக்கின் வாய்க்கால் வேறு. அதில் அடைப்பு இல்லை.

மண்வெட்டி இல்லாமலே நடக்க ஆரம்பித்தோம். முதலில் வயல் மடை. ஸ்பீக்கரின் விளக்கு எரிந்தது. குமிழ் குறைந்திருந்ததால் அதை முழுவதும் திருப்பி வைத்தோம். அதன் வயரை உருவிப் பழைய ரேடியோவில் செருகியதும் கர்நாடக சங்கீதம் கணீரென்று கேட்டது. ஆகவே ஸ்பீக்கர் நிரபராதி. இந்த ஒரு பரீட்சையால் வாய்க்காலில் ஒரு பெரும் பகுதி சந்தேகத்திலிருந்து விடுபட்டு விடுகிறது. எதையும் திருகுவதற்கு முன்னால் இதைச் செய்து விடுவது உத்தமம்.

அடுத்தது துளை. பெட்டியின் பின்புறத்தில் பச்சைத் துளை ஸ்பீக்கருக்கும், இளஞ்சிவப்பு மைக்குக்கும், வெளிர் நீலம் வெளியிலிருந்து சப்தத்தை உள்ளே வாங்குவதற்கும் உரியவை. வயரை நீலத்தில் செருகி விட்டு மணிக்கணக்காக விழிப்பவர்கள் உண்டு. நம்முடையது பச்சையில்தான் இருந்தது.

பிறகு மானிட்டருக்கு வந்தோம். வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மேல் குறுக்குக் குறி இருந்தால், யாரோ வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குறி இல்லை. வால்யூம் மிக்ஸர் என்ற இடத்தில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித் தனி அளவு உண்டு. ஒன்றை மட்டும் பூஜ்யமாக்கி விட்டு மறந்து விடுவதும் சகஜம். அங்கும் பழுதில்லை.

பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதன் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று திறந்து, 'ப்ளேபேக்' என்ற பக்கத்தைப் பார்த்தோம். சப்தம் எந்தெந்த வழியாக வெளியேறலாம் என்ற ஜாபிதா அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு கம்பம். சப்தம் அந்த வழியே ஓடும்போது பச்சைக் கோடுகள் எழுந்து எழுந்து தாழும். தம்பியைப் பேசச் சொன்னோம். ஸ்பீக்கர் என்ற பெயருக்கு எதிரே வறட்சி. அதற்கு மேலே, நாம் ஆசையாக வாங்கி வைத்த புது மானிட்டரின் பெயருக்கு எதிரே, பச்சைக் கோடுகள் குதித்துக் கூத்தாடின!

விஷயம் விளங்கி விட்டது. பழைய மானிட்டரின் நீலத் தலை வயர் படத்தை மட்டும் சுமந்து சென்றது. புதியதன் எச்.டி.எம்.ஐ. வயரோ படத்தோடு சப்தத்தையும் சுமக்க வல்லது. மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. காதில் மாட்டும் கருவிக்கு ஒரு துளை மட்டும் உண்டு. அந்த ஒரு துளையை வைத்துக் கொண்டு, "சப்தத்தை நான் வாங்கிக் கொள்கிறேன்" என்று அது கம்ப்யூட்டரிடம் சொல்லிக் கொண்டு விட்டது. விண்டோஸும் புது விருந்தாளிக்கே முதல் உபசாரம் என்று முழு வாய்க்காலையும் அந்தப் பக்கம் திருப்பி விட்டது. குமாரி கம்பியில்லாத ப்ளூடூத் கருவியைக் காதில் மாட்டியவுடன் வழி அவள் பக்கம் திரும்பும். அவள் கழற்றியதும் மறுபடி மானிட்டருக்கே போய்ச் சேரும். ஆக, தாயாரின் கண்ணுக்காக வாங்கிய பொருள் அவருடைய காதை அடைத்து விட்டது. அடைத்தவர் நாம். மூன்று வாரமாகப் பழி சுமந்தவர் அவர்.

ஸ்பீக்கர் என்ற பெயரின் மேல் வலப் பொத்தானை அழுத்தி, அதையே வழக்கமான வழியாக நியமித்தோம். குமிழை முழுவதும் திருப்பி வைத்திருந்ததை மறந்து போனோம். "அண்ணா, கேட்கிறதா?" என்று தம்பி போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

எல்லாருடைய அடைப்பும் இவ்வளவு சுலபமாக அகப்படும் என்று சொல்ல முடியாது. பச்சைக் கோடுகள் ஸ்பீக்கருக்கு எதிரே குதித்தும் சப்தம் வராவிட்டால், குற்றம் பெரும்பாலும் துளையிலோ வயரிலோ இருக்கும். எந்தப் பெயருக்கு எதிரேயும் குதிக்காவிட்டால் மேலே போய்ப் பார்க்க வேண்டும். பேச உதவும் புரோகிராமுக்குள்ளேயே ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் இடம் தனியாக இருக்கும். உலாவியில் அந்தப் பக்கத்தை மட்டும் யாராவது ஊமையாக்கியிருக்கலாம். ஜாபிதாவில் ஸ்பீக்கர் என்ற பெயரே காணப்படவில்லை என்றால், துபாஷியின் பேரில் சந்தேகம் கொள்வது நியாயம். கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துத் துவக்கிப் பாருங்கள். பயன் இல்லாவிடில் டிவைஸ் மானேஜரைத் திறந்து, சவுண்ட் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து மீண்டும் துவக்கினால், விண்டோஸ் தானாகவே அதைப் பொருத்திக் கொள்வது வழக்கம். புது அப்டேட்டுக்குப் பிறகு தொந்தரவு ஆரம்பித்திருந்தால், பழைய டிரைவருக்குத் திரும்பவும் அங்கே பொத்தான் இருக்கலாம். சில்லே உயிரை விட்டிருந்தாலும் மதர்போர்டை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. யு.எஸ்.பி. துளையில் செருகும் விரலளவு சவுண்ட் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு பழுது பார்ப்பவரைக் கூப்பிடுவது தகும். அவர் சொல்வதைப் புரிந்து கொள்ளவாவது நமக்கு அப்போது யோக்கியதை ஏற்பட்டிருக்கும்.

குமிழைக் குறைத்து விட்டுத் திரும்பினோம். தாயார் கண்களைத் துடைத்துக் கொண்டிருந்தார். "அப்போது என் காது நன்றாகத்தான் இருக்கிறதா?" என்று நம்மைக் கேட்டார். பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. அவரும் காத்திராமல் மானிட்டரின் பக்கம் திரும்பி, "அடே, மூன்று வாரமாக நீ என்னவெல்லாம் சொன்னாயோ, அத்தனையும் முதலிலிருந்து சொல்லு" என்றார். தம்பி குழந்தையின் ஜுரத்திலிருந்து ஆரம்பித்தான். அன்று சமையல் ஆறிப் போயிற்று. ஒருவரும் கவலைப்படவில்லை.

மறு வாரம் வகுப்பில் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். "புரிந்ததா?" என்று கேட்டதும் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் சிரித்த முகமாகத் தலையை ஆட்டினான். எத்தனையோ வருஷமாக அந்தத் தலையாட்டலை நம்பிப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். அன்று புரட்டவில்லை. அடுத்த பாராவை ஒரு மாணவனை நம் இடத்தில் நின்று வாசிக்கச் சொல்லி விட்டு, கடைசிப் பெஞ்சுக்குப் போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். மின் விசிறியின் இரைச்சலில் பாதி எழுத்துக்கள் நம் காதில் விழவே இல்லை.