நிலநடுக்கங்கள் அதிகமாகிட்டே போகுதா? சேலம், நாமக்கல் மக்கள் பயப்படணுமா? - விரிவான விளக்கம்

2023-இல் துருக்கி, 2025 மார்ச்சில் மியான்மர், அதே ஆண்டு ஜூலையில் ரஷ்யாவின் கம்சாட்கா என பெரிய நிலநடுக்கச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ‘முன்னைக்கு இப்போ பூமி ரொம்ப ஆடுதே’ என்ற பேச்சும் கூடவே வருகிறது. 2018 ஜூலை 22 காலையில் சேலம், தருமபுரி பகுதிகளில் 3.3 ரிக்டர் அளவில் லேசான நில அதிர்வு உணரப்பட்டது. அங்கிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில், காவிரிக் கரையில் இருக்கும் மோகனூர் போன்ற ஊர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. உண்மையிலேயே நிலநடுக்கங்கள் கூடுகின்றனவா?

எண்ணிக்கை கூடுதா?

இல்லை என்பதுதான் பதில். 1900 முதலான பதிவுகளின்படி, உலகில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பெரிய நிலநடுக்கங்கள் வருகின்றன என்கிறது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம். இதில் 15 நடுக்கங்கள் 7 ரிக்டருக்கு மேல், ஒன்று 8 அல்லது அதற்கும் மேல். ஒவ்வோர் ஆண்டும் இதே கணக்கு வராது. 2010-இல் 23 வந்தன. 1989-இல் வெறும் 6 தான்.

தாயம் விளையாடும்போது சில சமயம் தொடர்ந்து மூன்று தாயம் விழும். அதற்காகக் கட்டை மாறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இதுவும் அப்படித்தான்.

அப்புறம் ஏன் கூடின மாதிரி தெரியுது?

1931-இல் உலகம் முழுக்கச் சுமார் 350 நில அதிர்வு நிலையங்களே இருந்தன. இன்று பல ஆயிரம். அதனால் முன்பு யாருக்கும் தெரியாமல் போன சின்னச் சின்ன அதிர்வுகளும் பதிவாகின்றன. இப்போது ஆண்டுக்குச் சுமார் 20,000, அதாவது நாளைக்குச் சுமார் 55 நடுக்கங்கள் கண்டறியப்படுகின்றன. எங்கோ நடுக்கடலில் நடந்தது கூட சில நிமிஷத்தில் நம் செல்போனுக்கு வந்துவிடுகிறது.

வலிமையாவது கூடியிருக்கா?

அதுவும் இல்லை. பதிவானதிலேயே பெரியது 1960 மே 22-இல் சிலியில் வந்த 9.5 ரிக்டர் நடுக்கம். ரிக்டரில் ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில், 2025-இல் கம்சாட்காவை உலுக்கிய 8.8 ரிக்டர் நடுக்கத்தைவிட சிலி நடுக்கம் சுமார் 11 மடங்கு பெரியது. அதே கம்சாட்காவில் 1952-லேயே 9.0 ரிக்டர் நடுக்கம் வந்திருக்கிறது.

2004-இல் சுமத்ரா, 2010-இல் சிலி, 2011-இல் ஜப்பான் எனப் பெரிய நடுக்கங்கள் வரிசையாக வந்தபோது விஞ்ஞானிகளுக்கே சந்தேகம் வந்தது. பீட்டர் ஷியரர், பிலிப் ஸ்டார்க் ஆகியோர் 1900 முதலான பதிவுகளை ஆராய்ந்து, 2012-இல் முடிவை வெளியிட்டனர். பின்னதிர்வுகளைக் கழித்துப் பார்த்தால் அந்த வரிசை தற்செயலாக அமையக்கூடியதே, ஆபத்து கூடியதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு.

அப்படின்னா கவலையே வேண்டாமா?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. 8.8 ரிக்டரில் ஆடிய கம்சாட்காவில் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 1993 செப்டம்பர் 30 அதிகாலை, மகாராஷ்டிராவின் லாத்தூரில் வந்தது வெறும் 6.2 ரிக்டர்தான். தூக்கத்தில் இருந்த சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தனர். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனமான சுவர்கள் மேலே சரிந்ததே காரணம். அன்றைய வரைபடத்தில் அந்தப் பகுதி, ஆபத்து மிகக் குறைவான முதலாம் மண்டலத்தில் இருந்தது. 2002-இல் அந்த மண்டலமே நீக்கப்பட்டது.

நம்ம ஊர் நிலைமை என்ன?

1900 பிப்ரவரி 8-இல் கோவைப் பகுதியில் சுமார் 6 ரிக்டர் நடுக்கம் வந்தது. கிட்டத்தட்ட லாத்தூர் அளவு! அன்று அடுக்குமாடிகள் இல்லை, மக்கள்தொகையும் குறைவு. இன்று அதே அளவில் வந்தால் கதை வேறு.

2002 வரைபடத்தின்படி சேலம், கோவை, சென்னை ஆகியவை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வருகின்றன. திருச்சி, மதுரை குறைந்த ஆபத்துள்ள இரண்டாம் மண்டலத்தில். சேலத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் இருக்கிறது மோகனூர். மண்ணும் முக்கியம். நாமக்கல் மலைக்கோட்டை நிற்பது போன்ற கெட்டிப் பாறையைவிட, ஆற்றோர வண்டல் மண்ணில் அதிர்வு பெரிதாகத் தெரியும்.

என்ன செய்யலாம்?

* வீடு கட்டும்போது ஜன்னல், கதவுக்கு மேல் சுவர் முழுக்கக் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் போடுங்கள். செலவைப் பார்த்து இதை விட்டுவிட வேண்டாம்.
* கீழ்த்தளத்தைச் சுவரே இல்லாமல் வெறும் தூண்களில் நிறுத்தி கார் பார்க்கிங் விடுவதானால், பொறியாளரிடம் கேட்டே செய்யுங்கள்.
* அதிர்வு வந்தால் ஓட வேண்டாம். உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து தலையைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். நின்றதும் திறந்தவெளிக்கு வாருங்கள். லிஃப்ட் வேண்டாம்.

அடுத்த நடுக்கம் எந்த நாளில், எங்கே வரும் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் வாட்ஸ்அப் தகவல்களை நம்பாதீர்கள். பூமி எப்போதும் ஆடுகிற மாதிரிதான் ஆடிக்கொண்டிருக்கிறது. கூடிக்கொண்டே போவது, அதன் மேல் நாம் கட்டும் கட்டடங்கள்தான்.