யாருடைய ஒத்துழைப்பு?

ஒத்துழைப்பு இன்று பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாகிவிட்டது. வழக்கறிஞரும் ஆலோசகரும் நிறுவனத்துக்குள் கூடி உழைத்தால் வருமானம் பெருகும் என்று ஹார்வர்டின் ஹைடி கார்ட்னர் அம்மையார் ஆராய்ந்து நிறுவினார். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் ஒத்துழைப்பின் பயன் இலாபம் ஒன்றே என்று கற்போமாயின், எருக்கலம்பிட்டி தந்த அறிஞர் ஒருவரை மறந்தவர்களாவோம்.

அவர் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேராதனையில் கற்பித்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விரட்டினர். மன்னார்த் தீவின் மக்கள் படகேறிக் கல்பிட்டிக் கரையில் ஒதுங்கினர், எருக்கலம்பிட்டியும் தப்பவில்லை. வீடு, காணி, தொழில் என்று அகதிகள் இழந்தவற்றை ஹஸ்புல்லாஹ் கணக்கெடுத்தார்; 2001-இல் நூலாக்கினார். அதனால் எந்தக் கம்பெனியின் வருமானமும் உயரவில்லை.

தமிழராகிய நாமோ, அண்டை வீடு காலியானதைக் கண்டும் வாய் திறக்கவில்லை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் போன்ற சிலரே எழுதினர். அன்று அச்சம் இருந்தது, மெய்தான். துப்பாக்கி ஓய்ந்த 2009-க்குப் பின்னரும் மௌனம் நீடித்ததே, அதற்கு எந்த அச்சம் காரணம்? திரும்பி வந்தவர்களைக் காடேறிய காணியும் ஐயக் கண்களுமல்லவா எதிர்கொண்டன!

ஹஸ்புல்லாஹ் நம்மோடு பேசுவதை நிறுத்தவில்லை. 2018 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலேயே காலமானார். அந்நகரின் வகுப்பறைகளில் அவருடைய கணக்கெடுப்பு எந்தப் பாடத்தில் இடம்பெறும் என்று கேட்கிறோம்.